நீர்ப்பூதத்துக்குக் கிடைத்த பொந்து

டவர் நன்றாகக் கிடைக்கிற ஒரு காட்டில் பேச்சி என்று ஒரு கீரி இருந்தாள். போன மழைக்கு அவள் வளைக்குள் முழங்கால் அளவு தண்ணீர் ஏறிவிட்டது. கீரியின் முழங்கால்தான், ஆனாலும் படுக்க முடியுமா? இந்த வருஷம் கூடவே மூன்று பச்சைக் குட்டிகள் வேறு. மழைக்கு முன்னால் காய்ந்த இடம் ஒன்று பார்த்தாக வேண்டும்.

அந்த நேரம் பார்த்து, புளியமரத்து அடிப்பொந்தை ஆந்தை காலி செய்துவிட்டுப் போனது. சொட்டு ஒழுகாத பொந்து. பேச்சி குட்டிகளை உள்ளே விட்டுப் பார்த்தாள். மூன்றும் உருண்டு விளையாடின. அவளும் சுருண்டு படுக்க இடம் மிச்சமிருந்தது.

வன அலுவலகத்தில் கரடியாரிடம் போய் விண்ணப்பம் கொடுத்தாள். அதே பொந்துக்கு நரியும் கொடுத்திருந்தது. ஊர் எல்லையில் திருடி வந்த செருப்புகளைப் போட்டுவைக்க அதற்கு இடம் பற்றவில்லையாம். கரடியாருக்கு முடிவெடுப்பது என்றாலே ஆகாது. காடே அப்போது போனில் பூத ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தது. குட்டிப் பூதத்தைப் பிடித்து, தீனி போட்டு, சண்டை பழக்கிப் பெரிதாக்குகிற ஆட்டம். அதிலேயே மோதிக்கொள்ளுங்கள், கடைசியில் யார் பூதம் திரையில் நிற்கிறதோ அவருக்கே பொந்து என்று சொல்லிவிட்டார்.

நரியிடம் இருந்தது மூன்று உருமாற்றம் முடித்த நெருப்புப் பூதம். பக்கத்து மரத்து அணில் பேச்சிக்கு யோசனை சொன்னாள். நெருப்பை அணைக்க நீர்ப்பூதம்தான் சரி, இப்போதே குட்டி ஒன்றைப் பிடித்து வளர்த்தால் போட்டிக்குள் பெரிதாகிவிடும் என்றாள்.

பேச்சி ஓடையோரத்தில் ஒன்றைப் பிடித்தாள். நீல உடம்பு, வாலோ தலைப்பிரட்டை வால். குமிழி என்று பேர் வைத்தாள். பெற்ற குட்டிகளுக்கு ஒரு தவளை என்றால் குமிழிக்கு இரண்டு மீன். கண்பட்டுவிடக் கூடாதே என்று போன் கண்ணாடியில் கரியால் ஒரு பொட்டும் வைத்தாள்.

ஆட்டத்தின் பதினாறாம் படியில் குமிழி திடீரென்று வெளுத்தது. உடம்பெல்லாம் உதறியது. பேச்சிக்கு உயிரே போய்விட்டது. திரையில் 'நிறுத்து' என்றிருந்த சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டு, போனுக்கு உப்பும் மிளகாயும் சுற்றிப்போட்டாள்.

அணில் தலையில் அடித்துக்கொண்டாள். "ஏ மதினி, அது காய்ச்சலும் இல்ல, கண்ணேறும் இல்ல. உருமாறுது. நீ பேசாம விட்டாலே பெரிய ஆளாயிரும்."

"பிள்ளை வெட்டி வெட்டி இழுக்குது. பேசாம பாத்துக்கிட்டு இருக்கச் சொல்லுதியா?"

பதினேழாம் படியிலும் அது உதறியது. விட்டுவிட வேண்டும் என்றுதான் பேச்சி நினைத்திருந்தாள். நடுவில் அது ஒருதரம் அவளைத் திரும்பிப் பார்த்தது. விரல் தானாகப் போய் அமுக்கிவிட்டது. பதினெட்டிலும் அதே கதை. இன்னும் பால்பல்லே விழவில்லை, அதற்குள் என்ன அவசரம் என்று அணிலையே திருப்பிக் கேட்டாள்.

போட்டியோ தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. ஒரு மாதம் கரடியார் தேன் விடுப்பில் போனார். அடுத்த மாதம் முத்திரையைக் காணோம். அதற்கடுத்து சர்வர் வேலை செய்யவில்லை. போட்டி நாள் வந்தபோது மேற்கே வானம் கறுத்திருந்தது.

நரி குமிழியைப் பார்த்துவிட்டு, தொட்டிலோடு கொண்டுவந்திருக்கலாமே தாயி என்று கேட்டது. எல்லோரும் சிரித்தார்கள். பொந்து போனால் மூன்று குட்டிகளும் நனையும் என்பது மட்டுமே பேச்சி மனதில் ஓடியது.

ஆட்டம் தொடங்கியது. நெருப்புப் பூதம் எழுந்து நின்றதிலேயே நரியின் திரை நிறைந்துவிட்டது. வாயைத் திறந்தது, தீ கக்கியது. அவ்வளவு பெரிய பூதத்தைத் தூக்கி ஆடவைத்ததில் நரியின் போன் கொதிக்க ஆரம்பித்தது. நரி இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றியது, ஊதிப் பார்த்தது. சார்ஜ் தீர்ந்து திரை கறுத்தது.

பேச்சியின் போனில் குமிழி வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. அதற்கு என்ன பெரிய சார்ஜ் வேண்டிக் கிடக்கிறது?

கரடியார் தாளில் முத்திரை குத்தினார். இன்றைக்குள் குடியேறாவிட்டால் பொந்து நரிக்குப் போய்விடும் என்று கீழே பொடி எழுத்தில் இருந்தது.

பேச்சி தாளைக் கவ்விக்கொண்டு ஓடினாள். குட்டிகளை வரச்சொல்லிக் கூவினாள். மூன்றும் வந்தன. மூத்தது பொந்துக்குள் தலையை விட்டது. தோள் போகவில்லை. நடுக்குட்டி பின்பக்கமாக நுழைந்து பார்த்து, சிக்கி, இழுத்து எடுக்க வேண்டியதாயிற்று. விண்ணப்பம் போட்ட அன்று உள்ளங்கையில் அடங்கிய பிள்ளைகள். இப்போது அம்மாவைவிடப் பெருத்து நின்றன.

"இதுல யாரும்மா இருக்கப் போறது?" என்றது மூத்தது.

மழை பிடித்துக்கொண்டது. தூரத்தில் நரி செருப்பு மூட்டையோடு வருவது தெரிந்தது. குட்டிகளை வெளியே விட்டுத் தான் மட்டும் உள்ளே போகப் பேச்சிக்கு மனம் வரவில்லை. போனை, முந்தானையில் சுற்றுகிற மாதிரி ஓர் இலையில் சுற்றிப் பொந்துக்குள் வைத்தாள். வீட்டில் ஆள் இருக்கிறது. சட்டப்படி எல்லாம் சரி.

உள்ளே நீர்ப்பூதம் சொட்டு ஈரம் படாமல் தூங்கியது. வெளியே தேக்கிலை பிடித்துக்கொண்டு நாலு பேரும் நனைந்தார்கள்.

"எங்களுக்கும் அந்தச் செவப்புப் பொத்தான வச்சுப் பெத்திருக்கலாம்லம்மா," என்றது கடைக்குட்டி.

நீதி: விண்ணப்பம் போட்டுவிட்டால், பொந்து கையில் கிடைக்கும்வரை பிள்ளைகளை வளரவிடாதீர்கள்.