முள்ளு முதலாளியின் ஊசிச் சோதனை

பினாங்கில் முள்ளு முதலாளியைப் போல நேர்மையான வியாபாரி பிறந்ததில்லை. அவரைப் போல எதையுமே விற்காத வியாபாரியும் பிறந்ததில்லை.

ஜப்பான்காரன் வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, மார்க்கெட் ஸ்திரீட்டில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தேன். எதிரே அவருடைய தொழிற்சாலை. தொழிற்சாலை என்றால் ஓர் அறை. ‘கிராமபோன் ஊசி உற்பத்தியாளர்’ என்ற பலகை அந்த அறையைவிட அகலம். முதலாளி, மேஸ்திரி, கூலி மூன்றும் அவரே. தொழிலாளர் தகராறும் உண்டு, தன்னையே திட்டிக்கொள்வார்.

இரும்பு ஊசி இசைத்தட்டைக் கீறிவிடும் என்பது அவர் கட்சி. அதனால் ஆயர் ஈத்தாம் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து எலுமிச்சை முள் கொண்டுவந்து, காயவைத்து, உப்புத்தாளில் தேய்த்துக் கூராக்குவார். உண்மையிலேயே நல்ல ஊசி. ஆனால் ஒரு பாட்டு பாடியதும் முனை மழுங்கிவிடும். சோதிக்காத சரக்கை விற்பது பாவம் என்பது அவருடைய இன்னொரு கட்சி. ஆகவே தெரு முழுக்க நாள் முழுக்க ஒரே பாட்டு. பக்கத்துத் தட்டார் அதன் தாளத்துக்கே சுத்தியல் அடிப்பார்.

கடைசியாக மிஞ்சிய வாடிக்கையாளர் கிராமபோன் கடை பாய். கடல் தாண்டி மேடான் ஊருக்கு அனுப்ப ஐந்நூறு ஊசி கேட்டிருந்தார்.

“என்ன முதலாளி, ஊசி ரெடியா?”

“சீவியாச்சு பாய். சோதிக்கணும்.”

“சோதிச்சுக் குடுங்க.”

“சோதிச்சா மழுங்கிடும். மறுபடி சீவணும்.”

“சரி, சீவிக் குடுங்க லா.”

“சீவினா அது சோதிக்காத ஊசியில்லையா? எப்படிக் குடுக்கிறது?”

பாய் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். “இத்தனை நாளா எப்படி வித்தீங்க?”

“எங்கே வித்தேன்? பொறுமை இல்லாம எடுத்துட்டுப் போயிட்டாங்க.”

“வெள்ளிக்கிழமை கப்பல். ஊசி வரலேன்னா இனிமே ஜெர்மன் ஊசிதான். நீங்க பலகையைக் கழட்டிடலாம்.”

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஐந்நூறும் மறுபடி கூராகிப் பெட்டியில் இருந்தன. “அண்ணே, பார்த்துக்கங்க. டீ குடிச்சுட்டு வந்து சோதனையை ஆரம்பிக்கிறேன்” என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். என்னைவிட மூத்தவர்தான், ஆனால் கைக்குழந்தையும் அவருக்கு அண்ணன்தான்.

அவர் தலை மறைந்ததும் பாயின் ரிக்‌ஷா வந்து நின்றது.

“சோதிச்சாச்சா?”

வாடிக்கையாளரிடம் துணி விலை சொல்லவே எனக்கு நாக்கு எழாது. அன்றைக்கு எழுந்தது. “சோதிச்சாச்சு பாய்.” பெட்டி கப்பலுக்குப் போய்விட்டது.

முதலாளி வந்து காலி மேசையைப் பார்த்தார்.

“யார் சோதிச்சது?”

“நான்தான்.”

“ஐநூறையுமா?”

“ஆமா.”

“நான் ஒரு டீ குடிக்கிற நேரத்துல?”

அவர் கிராமபோன் மூடியைத் தொட்டுப் பார்த்தார். நான் திறக்கவே இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். தெருவே அமைதியாக அல்லவா இருந்தது?

“கரகரப்பு ஏதும் கேட்டுச்சா?”

“ஒண்ணுலகூட இல்லே முதலாளி.”

மூடியிலிருந்து கையை எடுத்தார். “உங்களுக்கு நல்ல காதுண்ணே.”

மேடானிலிருந்து மறுபடியும் ஆர்டர் வந்தது. பலகை தப்பியது. அதன்பிறகு பெட்டி நிரம்பும்போதெல்லாம் என்னைக் கூப்பிட்டு, “கேட்டுப் பார்த்து வைங்கண்ணே” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கக் கிளம்பிவிடுவார். ஒருநாள் வாசலில் இருந்து எட்டிப் பார்த்தேன். தெருமுனையில் முதுகைக் காட்டிக்கொண்டு வெயிலில் நின்றிருந்தார். கையில் டீ இல்லை. நான் கேட்டு முடிக்கட்டும் என்று காத்திருந்தார்.