ஜப்பான் அண்ணை பார்த்த படங்கள்

ஹனோவரில் இருந்த தமிழர்களில், சீனா, ஜப்பான் இரண்டின் சரித்திரத்தையும் காலில் போடும் சப்பாத்தை வைத்தே சொல்லி முடிக்கக்கூடியவர் ஒருவர்தான். ஜப்பான் அண்ணை. அவர் ஜப்பானுக்குப் போனதில்லை. எண்பதுகளில் அகதியாகக் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கிய பிறகு விமானமே ஏறியதில்லை.

நானும் அவரும் ஓர் அருங்காட்சியகத்தில் காவலர்கள். ஆணென்றாலும் என்னைப்போலப் பெண்ணென்றாலும் கறுப்புக் கோட்டுடன் அறை மூலையில் நிற்க வேண்டும். பார்வையாளர்களிடம் நாங்கள் பேசக்கூடியவை இரண்டே வசனங்கள்: தொடாதீர்கள், கழிப்பறை இடது பக்கம். அந்த வருடம் சீன, ஜப்பானியப் பழைய படங்களின் கண்காட்சி வந்தது. அண்ணை நகர நூலகத்திலிருந்து தடித்த புத்தகங்களைச் சுமந்து வந்து படித்தார். அதோடு இரண்டு வசனங்களும் அவருக்குப் போதாமல் போயின.

சீனாவோடு ஜப்பான் நடத்திய பழைய யுத்தம் ஒன்றை மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்த படம். பனியில் வீரர்கள் நிற்கிறார்கள். ஒரு வயதான தம்பதி பனியின் அழகை வியந்துகொண்டு நின்றார்கள். அண்ணை போய் ஜெர்மனில் ஏதோ சொன்னார். அவர்கள் முகம் சுருங்கி அடுத்த அறைக்குப் போனார்கள்.

"என்னண்ணை சொன்னனீங்கள்?"

"படம் கீறினவர் சண்டைக்கே போகேல்லை, வீட்டில இருந்து கீறினவர், அதுதான் பனி இவ்வளவு வெள்ளையாக் கிடக்கு எண்டனான். இங்க பாருங்கோ, ஜப்பான்காரருக்கு ஐரோப்பியச் சப்பாத்து. சீனருக்குத் துணிச் சப்பாத்து. இந்தச் சண்டைக்கு முப்பது வருசத்துக்கு முதல் இவையளும் வைக்கல் செருப்புத்தான் போட்டவை. புதுச் சப்பாத்துப் போட்டவன் பழைய சப்பாத்துக்காரனை அடிக்கிறான். இதுதான் முழுக்கதையும்."

சீனச் சுவரொட்டி ஒன்றில், நெற்கதிர்கள் மேல் கொழுகொழுவென்று பிள்ளைகள் ஏறி நின்றார்கள். "இவ்வளவு கொழுத்த பிள்ளையைக் கீறினால், அந்த வருசம் ஊரில பசி எண்டு விளங்குங்கோ," என்று ஒரு பள்ளிக்கூட வகுப்புக்கே பாடம் எடுத்தார். கண்காட்சிக்குப் பொறுப்பான அம்மையார் ஏசுவதற்காக வந்தவர், கால்மணி நேரம் கைகட்டிக் கேட்டுவிட்டு, பிறகு நினைவு வந்து ஏசினார்.

எங்கள் சனமும் தப்பவில்லை. ஒரு வீட்டில் கல்யாண ஆல்பம் ஒன்றைப் புரட்டி, "இந்த மாமா சாப்பிடாமல் கோவிச்சுக்கொண்டு போனவரெல்லோ?" என்று கேட்டார். உண்மைதான். அதன் பிறகு அண்ணை வந்தால் ஆல்பங்கள் அலமாரிக்குள் போய்விடும்.

ஆனால் கண்காட்சியின் கடைசிச் சிறிய அறையில் மட்டும் அவர் நிற்கமாட்டார். முறை வந்தால் யாரோடாவது மாற்றிக்கொள்வார். "எனக்கு அங்க ஏலாது," என்பார். காரணம் சொன்னதில்லை.

ஒரு நாள் எனக்குப் பல் வைத்தியரிடம் டேர்மின், முன்பே குறித்த நேரம். ஆள் இல்லாததால் அவரை அங்கே நிறுத்திவிட்டார்கள். நான் திரும்பி வந்தபோது ஒரு புகைப்படத்தின் முன்னால் நின்றார். ஜப்பானியச் சிப்பாய் ஒருவன் சீனப் பிள்ளைகளுக்கு இனிப்புக் கொடுக்கிறான். "நல்ல மனிதன்," என்று ஒரு பெண் சொல்லிக்கொண்டு போனாள். அண்ணை வாய் திறக்கவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

"என்னண்ணை?"

"எங்கட ஊரிலயும் இப்பிடி ஒரு படம் எடுத்தவங்கள். ஆமிக்காரன் பிஸ்கட் குடுக்கிற படம். பேப்பரில வந்தது. முன்னுக்கு நிக்கிறது என்ர தங்கச்சி வனஜா. ஒன்பது வயசு."

"சிரிக்கிறாவோ?"

"ஓம். சிரிக்கச் சொன்னவங்கள். அடுத்த மாதம் செல் குண்டு விழுந்து வீடு எரிஞ்சது. அவளும் போயிட்டாள், வீட்டில இருந்த படங்களும் போயிட்டுது. அந்தப் பேப்பர்த்துண்டுதான் மிச்சம்."

பிறகு சொன்னார்: "ஆமிக்காரனை வெட்டி எறிவம் எண்டு எத்தினை தரம் கத்தரிக்கோல் எடுத்தனான். அவன்ர கை அவளின்ர கன்னத்தில கிடக்கு. அவனை வெட்டினால் அவளும் வெட்டுப்படுவாள்."

மறுநாள் அவரே அந்த அறையைக் கேட்டு வாங்கினார். யார் அந்தப் படத்தின் முன் நின்றாலும், "இதில முன்னுக்கு நிக்கிற பிள்ளையின்ர பேர் எங்கயாவது எழுதிக் கிடக்கோ?" என்று ஜெர்மனில் கேட்டார். எழுதியிருக்கவில்லை. சிலர் குனிந்து தேடினார்கள். சிலர் முறைப்பாடு எழுதினார்கள். கண்காட்சி முடிந்தபோது அவருடைய வேலை ஒப்பந்தமும் முடிந்தது. அதை நீட்டிக்கவில்லை.

போன மாசியில் இருதய வருத்தத்தால் காலமானார். அதற்கு இரண்டு நாளுக்கு முன் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். உறவினர்கள் மட்டுமே உள்ளே போகலாம் என்று தாதி வாசலில் மறித்தாள். என் வாயில் வந்தது, "நான் அவருடைய சகோதரி."

கண்ணை மூடிப் படுத்திருந்தவர் உள்ளேயிருந்து ஜெர்மனில் சொன்னார்: "ஓம். இவ இளையவ. விடுங்கோ."