பெயில்டு சாரும் மைசூர் பி.ஏ.வும்

உலகத்தில் பி.ஏ. பாஸ் செய்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். பி.ஏ.வில் பெயிலானதை வைத்துக்கொண்டு ஒரு தெருவையே ஆட்சி செய்தவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். பெங்களூர் காக்ஸ் டவுனில் எங்கள் வீட்டுக்கு நேர் எதிர் வீடு. கேட்டில் ஒரு பித்தளைப் பலகை. அதில் மேலே அவர் பெயர், கீழே 'பி.ஏ. (பெயில்டு), மதராஸ்'. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கிளம்புமுன் கீழ்வரியை மட்டும் புளி போட்டுப் பளபளவென்று தேய்ப்பார். மேல்வரி கறுத்துப் போய், பெயர் என்னவென்றே தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாமல் போய்விட்டது. எல்லோருக்கும் அவர் பெயில்டு சார். அப்படிக் கூப்பிட்டால் சந்தோஷமாகத் திரும்பிப் பார்ப்பார்.

அந்தக் காலத்துப் பெங்களூர் இரண்டு ஊர். கப்பன் பார்க்குக்கு இந்தப் பக்கம் தண்டு, அதாவது கண்டோன்மென்ட், வெள்ளைக்காரன் நிர்வாகம். அந்தப் பக்கம் பேட்டை, மகாராஜா நிர்வாகம். இந்தப் பக்கத்துக் கல்லூரியில் படித்தால் மதராஸ் பட்டம், அந்தப் பக்கம் படித்தால் மைசூர்ப் பட்டம். ஒரே மழையில் நனைகிற பையன்கள்தான், பார்க்கைத் தாண்டினால் வேறு பாடம், வேறு பரீட்சை. பள்ளிக்கூடம் முடித்த பிள்ளையை எந்தப் பக்கம் தள்ளுவது என்று வீட்டுக்கு வீடு மண்டையை உடைத்துக்கொள்வார்கள். கடைசியில் எல்லோரும் போய் நிற்பது பெயில்டு சார் வீட்டில்.

ராணுவத்துக்கு ரொட்டி சப்ளை செய்யும் ஆபீசில் அவர் குமாஸ்தா. ஆனால் ஆலோசனை சொல்லும்போது துணைவேந்தரே எதிரில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும். வந்தவர் சொல்வதையெல்லாம் கண்ணை மூடிக் கேட்டுக்கொள்வார். பிறகு தீர்ப்பு.

"மதராஸ்ல பெயிலாகறதும் மைசூர்ல ஃபர்ஸ்ட் கிளாஸ் வாங்கறதும் ஒண்ணுதான்யா. அதுலயும் பெயிலுக்குத்தான் மதிப்பு ஜாஸ்தி."

இந்தக் கொள்கைக்காக அவர் பட்ட கஷ்டங்கள் கொஞ்சமல்ல. மைசூர்பாகு என்றால் அவருக்கு உயிர். ஆனால் அந்தப் பெயரை வாயால் சொல்ல மாட்டார். கடையில் போய், "அந்த மஞ்சளா இருக்கே, அது" என்று விரலை நீட்டுவார். ஒரு தடவை கடைக்காரர் லட்டைக் கட்டிக் கொடுத்துவிட்டார். பேசாமல் வாங்கி வந்து, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தின்றார்.

மைசூரில் பி.ஏ. பாஸ் செய்த வாத்தியார் ஒருவர் எங்கள் தெருவுக்குக் குடிவந்தார். அறிமுகம் செய்துகொள்ள எதிர் வீட்டுக்குப் போனவரிடம் பெயில்டு சார் என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். அவர் சொன்னார். பெயில்டு சார் அவர் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, பரவாயில்லை, கடவுள் இருக்கிறார் என்று ஆறுதல் சொல்லி அனுப்பினாராம். வாத்தியார் அந்த வருஷமே வீட்டை மாற்றிக்கொண்டு போய்விட்டார்.

அவருடைய ஆட்சி உச்சத்தில் இருப்பது ரிசல்ட் வரும் அன்றைக்குத்தான். மதராஸ் மெயிலில் பேப்பர் வரும். விடிந்ததும் விடியாததுமாகத் தண்டு ஸ்டேஷனில் எங்கள் பக்கத்துப் பையன்கள் எல்லோரும் வெளிறிப்போய் நிற்பார்கள். பெயில்டு சார் முதல் பேப்பரை வாங்கி, மூட்டை ஏற்றும் தள்ளுவண்டி மேல் ஏறி நின்று நம்பர் படிப்பார். முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்புப் பட்டியல்களை மடித்து உள்ளே தள்ளிவிட்டு நேராக மூன்றாம் வகுப்பில்தான் ஆரம்பிப்பார். நம்ம பசங்க எங்கே இருப்பாங்கன்னு எனக்குத் தெரியாதா என்பார். வருஷா வருஷம் அது சரியாகவும் இருந்ததால் யாரும் வாய் திறக்கவில்லை. என் நம்பரையும் அந்த வண்டி மேலிருந்துதான் படித்தார். கவர்னர் பதவி கிடைத்தவனைப் பார்க்கிற மாதிரி எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நம்பர் வராதவர்களுக்கு மரியாதை இன்னும் அதிகம். வண்டியிலிருந்து இறங்கி, தோளில் கை வைத்து, "வா, நம்ம கட்சி" என்று காப்பி வாங்கிக் கொடுக்கக் கூட்டிப் போவார். அழுதுகொண்டு போனவன் சிரித்துக்கொண்டு வருவான்.

இப்படி இருந்த மனிதருக்குச் சோதனை வீட்டுக்குள்ளிருந்தே வந்தது. அவருடைய ஒரே பெண் எஸ்தர் பள்ளிக்கூடத்தில் முதலாவதாகத் தேறி, கல்லூரிக்குப் போகிறேன் என்றாள். எங்கள் பக்கத்துக் கல்லூரியில் அப்போது பெண்களைச் சேர்ப்பதில்லை. மதராஸ் பட்டம் வேண்டுமென்றால் மதராஸ் போய் ஹாஸ்டலில் இருக்க வேண்டும். மைசூர்ப் பட்டம் என்றால் பேட்டையிலேயே பெண்கள் கல்லூரி இருக்கிறது, காலையில் போய் சாயங்காலம் வந்துவிடலாம். ஊருக்கெல்லாம் தீர்ப்புச் சொன்னவர் தன் வீட்டு வழக்கில் என்ன சொல்லப் போகிறார் என்று தெருவே காத்திருந்தது. மைசூர்க்காரர்கள் கொடுத்த ஸ்காலர்ஷிப்பை அவர் பேச்சைக் கேட்டு வேண்டாமென்றவர்களும் அந்தத் தெருவில் உண்டு.

பெயில்டு சார் வாரக்கணக்கில் யாருக்கும் ஆலோசனை சொல்லவில்லை. மதராஸ் ஹாஸ்டல் நல்லதுதான் என்று ஒருநாள் மெதுவாக ஆரம்பித்தாராம். அவர் சம்சாரம் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னது தெருவுக்கே கேட்டது.

"பொண்ணு மதராஸ் போனா நானும் கூடப் போறேன். நீங்க இங்கயே உக்காந்து பலகையைத் தேய்ச்சிக்கிட்டு இருங்க."

எஸ்தர் அம்மா மாதிரி சத்தம் போடுகிறவள் இல்லை. "பட்டம் எந்த ஊர்லேருந்து வந்தா என்னப்பா, நான் படிக்கணும்" என்று மட்டும் சொன்னாள். அவளை மதராஸுக்கு அனுப்பிவிட்டு அவரால் ஒருநாள் இருக்க முடியாது என்பது அவரைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கடைசியில் அவருக்கும் தெரிந்தது.

எஸ்தர் பேட்டையில் சேர்ந்தாள். அந்தக் கல்லூரி வாசலை நான் மிதிக்க மாட்டேன் என்று பெயில்டு சார் அறிவித்தார். ஆனால் மத்தியானம் டிபன் காரியரைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு பார்க் வழியாகப் போவார். பார்க்கின் கடைசி மரத்தடியில், மகாராஜா எல்லை ஆரம்பிக்கும் இடத்துக்கு ஒரு அடி இந்தப் பக்கம், குடையோடு நிற்பார். எஸ்தர் வந்து வாங்கிக்கொண்டு போவாள். என் ஆபீஸ் பார்க்குக்குப் பக்கத்தில் இருந்ததால் நான் ஒருநாள் பார்த்துவிட்டேன். அவங்க ஸ்டாண்டர்டு எப்படி இருக்குன்னு விசாரிக்க வந்தேன் என்றார். அடுத்த மழைக்காலத்தில் அவர் கல்லூரி வாசலிலேயே, காவல்காரரோடு கன்னடத்தில் ராகி விலை பேசிக்கொண்டு நிற்பதையும் பார்த்தேன். ராத்திரியில் எஸ்தரின் பாடப் புத்தகங்களை, தப்புக் கண்டுபிடிக்கிறேன் என்று ஒரு வரி விடாமல் படித்தார்.

அவளுடைய பி.ஏ. ரிசல்ட் கல்லூரியில் பலகையில் ஒட்டுவார்கள் என்று தெரிந்தது. என்னையும் கூப்பிட்டார். பேட்டையில் எனக்கு வழி தெரியாதுய்யா, நீயும் வா என்றார். அந்த வழியில் இருந்த நாய்கள்கூட அவர் சைக்கிளைக் கண்டால் வாலாட்டும்.

பலகையைச் சுற்றிக் கூட்டம். எஸ்தரும் நானும் பின்னால் நின்றுவிட்டோம். பெயில்டு சார் மட்டும் புகுந்து முன்னால் போய், கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பழக்க தோஷத்தில் உரக்கப் படிக்க ஆரம்பித்தார். மூன்றாம் வகுப்பிலிருந்து. எஸ்தர் நம்பர் இல்லை. மறுபடி படித்தார், குரல் இறங்கிவிட்டது. துணிந்து இரண்டாம் வகுப்பையும் ஒரு தடவை பார்த்தார். அங்கேயும் இல்லை. அதோடு அவருக்குப் பட்டியல் முடிந்துவிட்டது.

திரும்பி வந்து எஸ்தரின் தோளில் கை வைத்தார். எத்தனையோ பையன்களிடம் சொன்ன அந்த வார்த்தையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். 'நம்ம கட்சி' வரவில்லை.

"போனாப் போவுதும்மா," என்றார். "அடுத்த தடவை சேர்ந்து எழுதலாம். நானும் எழுதறேன்."

"மைசூர் பரீட்சையாப்பா?"

"மைசூர்தான்."

எஸ்தர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ப் பலகையைப் பார்த்துவிட்டு, அங்கிருந்தே சொன்னாள்.

"அப்பா, மேல பாருங்க."

மேலே முதல் வகுப்பு என்று நாலைந்து நம்பர்கள் இருந்தன. இத்தனை வருஷம் ரிசல்ட் படித்த மனிதர் அந்த இடத்தை வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு அந்த ஒரு நம்பரை, தண்டு ஸ்டேஷன் தள்ளுவண்டிக் குரலில், காவல்காரர் ஓடிவரும்படி படித்தார்.

திரும்பும்போது நான் சும்மா இருந்திருக்கலாம். மைசூர் ஃபர்ஸ்ட் கிளாஸும் மதராஸ் பெயிலும் ஒண்ணுதானே சார் என்று கேட்டுவிட்டேன்.

"அது பொதுவாச் சொன்னதுய்யா," என்று சைக்கிளை வேகமாகத் தள்ளினார்.

போகிற வழியில் பேட்டைக் கடையொன்றில் நிறுத்தி, மைசூர்பாகு கொடுங்கள் என்று பெயர் சொல்லிக் கேட்டார். தெரு முழுவதும் வீடு வீடாகக் கொடுத்தார். அடுத்த மாதம் கேட்டில் பழைய பலகைக்கு மேல் ஒரு புதுப் பலகை ஏறியது. 'எஸ்தர், பி.ஏ., மைசூர்'. ஞாயிற்றுக்கிழமைப் புளியெல்லாம் அதற்கே போயிற்று. பழைய பலகையின் கீழ்வரி நாளாவட்டத்தில் கறுத்து, பெயரைப் போலவே படிக்க முடியாமல் ஆனது. அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

பிறகு எஸ்தருக்குக் கோலாரில் பள்ளிக்கூட வேலை கிடைத்து, வீட்டைப் பூட்டிக்கொண்டு மூவரும் அங்கே போனார்கள். கிறிஸ்துமஸுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, தெருவில் எல்லோரும் சர்ச்சுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, நான் கொஞ்சம் புளியை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போனேன். மேல் பலகையைத் தேய்த்தேன். கீழ்ப் பலகையில் 'பெயில்டு' தெரிகிற வரைக்கும் தேய்த்தேன். கை வலித்தது, இருந்தாலும் விடாமல் அவர் பெயரையும் தேய்த்தேன்.