செல்வதாஸ் அண்ணனின் பெட்டிக்கு இன்னும் ஒரு குமிழ்

"இருக்கட்டும், ஒரு வசதிக்கு" என்று சொல்லும் இனம் ஒன்று உண்டு. நீங்கள் பார்த்ததில்லையா? உங்கள் வீட்டு மோட்டார் அறைக்குப் போய்ப் பாருங்கள். தொட்டிக்கு ஒரு குழாய் போட வந்தவர், தென்னைக்கு ஒன்று, மாட்டுத் தொழுவத்துக்கு ஒன்று, நாளைக்கு மாடியில் யாராவது குடிவந்தால் அவர்களுக்கு ஒன்று என்று வரிசையாக வால்வு வைத்துவிட்டுப் போயிருப்பார். வீட்டில் மாடியே கிடையாது. எதைத் திறந்தால் எங்கே தண்ணீர் வரும்? அது அவருக்கே தெரியாது. ஆனால் வசதி இருக்கிறது.

இவர்கள் நல்லவர்கள். கஷ்டமே அதில்தான். கெட்டவன் என்றால் ஒதுங்கிப் போகலாம். நமக்கு உதவ வேண்டும் என்றே குமிழ் வைக்கிற மனுஷனை என்ன செய்வது? ஆண்டவர் ஆறு நாளில் எல்லாவற்றையும் படைத்து, நல்லது என்று கண்டு, ஓய்ந்திருந்தார். இந்த இனத்தில் ஒருவர் அன்றைக்குப் பக்கத்தில் இருந்திருந்தால், "மனுஷனுக்கு முதுகுப் பக்கம் ஒரு கை வைக்கலாமே ஆண்டவரே, ஒரு வசதிக்கு" என்று சொல்லி, ஏழாம் நாளையும் வேலை நாளாக்கியிருப்பார்.

எங்கள் சபையில் செல்வதாஸ் அண்ணன் அப்படி ஒருவர். திருவட்டாறு பக்கம் மிக்ஸி, மோட்டார் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். ஞாயிறு ஆராதனைக்கும் கல்யாணங்களுக்கும் கீபோர்டு வாசிப்பது அவர்தான். எந்தப் பெண் மணக்கோலத்தில் ஆலயத்துக்குள் நுழைந்தாலும் அவர் விரலின் மேல்தான் நடந்து வந்தாக வேண்டும்.

அவருடைய ஒரே மகள் பெபிஷாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை ஜினோ, மஸ்கட்டில் எலக்ட்ரீசியன். பெபிஷா நகை கேட்கவில்லை, பட்டு கேட்கவில்லை. "அப்பா, அன்னைக்கு நீங்க கீபோர்டுக்குப் பொறத்தால இருக்கப்படாது. என் கையப் பிடிச்சு கூட நடக்கணும்" என்றாள். அவ்வளவுதான்.

வேறு யாராவது வாசிக்கட்டுமே என்று கேட்பீர்கள். வாசிக்கத் தெரிந்த இன்னொருவர் குவைத்தில் இருக்கிறார்.

ஆகவே தானாகவே வாசிக்கும் ஒரு பெட்டியைச் செய்ய அண்ணன் முடிவு செய்தார். மாடுலர் சின்தசைசர் என்று ஒன்று இருக்கிறதாம். மின்சாரத்தில் நாதம் எழுப்பும் கருவியைத் துண்டு துண்டாகச் செய்து வயரால் கோத்துக்கொள்வது. எந்தச் சுரத்தை அடுத்துப் பாட வேண்டும் என்று அதற்குச் சொல்லிக் கொடுக்கும் துண்டுக்குப் பெயர் ஸ்டெப் சீக்வென்சர். கிறிஸ்துமஸ் சீரியல் பல்பு ஒன்றன்பின் ஒன்றாக எரிந்து ஓடுகிறதல்லவா, அதேதான். ஒவ்வொரு பல்புக்கும் கீழே ஒரு குமிழ். பல்பு எரியும்போது அந்தக் குமிழில் வைத்த சுரம் ஒலிக்கும்.

பலாப்பலகையில் பெட்டி செய்து, குமிழ்களும் பல்புகளும் வைத்து, தொடங்க ஒரு சுவிட்சும் வைத்தார். சுவிட்சைப் போட்டார். கல்யாண நடைக்கான ராகம் தானாக ஓடியது. மரச்சீனிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்த அவர் மனைவி பூங்கனி அக்கா கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தார். "போதும். இனி இதுல கை வைக்காதீங்க" என்றார்.

கை வைக்காமல் இருப்பாரா? ராகம் நீளமாகிவிட்டால் குறைக்க ஒரு குமிழ் வைத்தார். குறைத்தது போதாதென்றால் பின்பக்கமாக ஓட்ட ஒரு குமிழ். நடுவில் இரண்டு சுரத்தைத் தாண்டிக் குதிக்க ஒன்று. ஒரு சுரம் வந்தாலும் வரும், வராமலும் போகும், அது பெட்டியின் இஷ்டம் என்பதற்கு ஒன்று. கல்யாணத்தில் அது யாருக்கு வேண்டும் என்று போதகர் மெதுவாகக் கேட்டுப் பார்த்தார். "யாராவது கேட்டா, அய்யா? இருக்கட்டும், ஒரு வசதிக்கு."

பலகையில் இடம் தீர்ந்துபோனது. எதை எடுப்பது? பெட்டி முழுவதிலும் ஒரே ஒரு வேலை மட்டும் தெரிந்த சோம்பேறி, அந்தத் தொடங்கும் சுவிட்ச்தான். அதைப் பிடுங்கிவிட்டு இன்னொரு குமிழ் வைத்தார். இனி மூன்று குமிழை ஒன்றாகத் திருப்பினால் தொடங்கும். எந்த மூன்று என்பதையும் மாற்றிக்கொள்ளலாம்.

"உங்களுக்கு வட்டு பிடிச்சிருக்கு" என்றார் பூங்கனி அக்கா. அந்தக் கிறுக்கைக் குறைக்க மட்டும் குமிழ் இல்லை.

கல்யாணக் காலை. வாசலில் வெள்ளைப் புடவையும் முக்காட்டு வலையுமாகப் பெபிஷா. பீடத்தருகே ஜினோ. சபையார் எழுந்து நின்றோம். அண்ணன் வாசலோரம் வைத்திருந்த பெட்டியருகே குனிந்து ஏதோ மூன்று குமிழைத் திருப்பினார். ஒரு சுரம் வந்தது. பெபிஷா ஒரு அடி வைத்தாள். அடுத்த சுரம் பெட்டியின் இஷ்டத்தில் வரவில்லை. பிறகு ராகம் பின்பக்கமாக ஓடியது. முன்னால் வந்த பூக்காரச் சிறுமிகள் அதற்கேற்றபடி பின்னால் போனார்கள். சபையார் உட்கார்ந்தோம். ஒரு சுரம் வந்தது. எழுந்தோம்.

"அப்பா, நான் நடக்கட்டா, நிக்கட்டா?"

"ஒரு நிமிஷம் மக்கா, அதுக்கும் ஒரு குமிழ் உண்டு."

பூங்கனி அக்கா முன் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து, பெட்டியைத் தூக்கி அவர் நெஞ்சோடு சேர்த்து வைத்தார். "இதையும் சுமந்துக்கிட்டாவது பிள்ளைக்க கூட நடங்க."

நடந்தார். இரண்டு கையிலும் பெட்டி, பின்னால் வாசல்வரை வயர். அப்பாவின் கையைப் பிடிக்க வந்த பெண் வயரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அவர் போகிற போக்கில் கட்டைவிரலால் குமிழ்களைத் திருப்பிக்கொண்டே போக, பெட்டி விக்கிக்கொண்டே வந்தது.

இந்தப் பெண்ணைக் கொடுப்பவர் யார் என்று போதகர் கேட்டார். அண்ணன் அப்போது ஒரு குமிழின் பாதித் திருப்பத்தில் இருந்தார். "நான்தான்" என்று சொல்லி, கையில் இருந்ததை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டார். ஜினோவும் மரியாதையாக இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். போதகர் கையிலிருந்த முறைமைப் புத்தகத்தைப் புரட்டினார். இதற்கு அதில் ஜெபம் இல்லை.

ஜினோ எலக்ட்ரீசியன் அல்லவா, வயரைப் பிடுங்கினார். ஆலயம் அமைதியானது. செல்வதாஸ் அண்ணனின் இரண்டு கையும் காலியாக நின்றன.

பெபிஷா அதில் ஒன்றைப் பிடித்தாள். "இப்பம் வாங்க" என்று அவரைத் திரும்ப வாசலுக்கே கூட்டிக்கொண்டு போனாள். மணப்பெண் வெளியே போவதைப் பார்த்து மாப்பிள்ளையின் அம்மாவுக்கு மூச்சு நின்றுவிட்டது. வாசலைத் தொட்டுவிட்டு இருவரும் முதலிலிருந்து நடந்து வந்தார்கள். எந்தக் கருவியும் இல்லை. நாங்கள்தான் வாயால் பாடினோம். ஆளுக்கு ஒரு சுருதியில். அண்ணன் அழுதுகொண்டே வந்தார். ஒரு கை மகளிடம் இருந்தது. மற்றக் கையின் விரல்கள் மட்டும் காற்றில் எதையோ திருப்பிக்கொண்டே வந்தன.

கதை இதோடு முடிந்தால் நல்லது. ஆனால் சாப்பாட்டுப் பந்தியில், பாயாசத்துக்கு முன்னால், ஜினோ மாமனாரின் காதருகே குனிந்தார்: "மாமா, அந்தப் பெட்டியில ஒரு குமிழ் குறையுது, கேட்டியளா." பெபிஷா இலையிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்த பார்வையை நான் விவரிக்கப் போவதில்லை.

வாசிக்கிறவரே, நீங்கள் சிரிக்கிறீர்கள். சந்தோஷம். ஆனால் இதை வாசித்துக்கொண்டே, 'அந்தப் பெட்டிக்கு ஒரு ரிமோட் வைத்திருந்தால் இவ்வளவும் வந்திருக்காதே' என்று ஒரு நொடி நினைத்தீர்களா இல்லையா? நினைத்திருந்தால், கையில் இருப்பதைச் சற்றுக் கீழே வையுங்கள். உங்கள் வீட்டில் யாராவது அந்தக் கையைப் பிடிக்க வாசலில் நின்றுகொண்டிருக்கக்கூடும்.