அகில உலகமும் அடுத்த அறையும்

மனித இனத்தில் ஒத்துழைப்பாளர் என்று ஓர் உட்பிரிவு உண்டு. ஒத்துழைக்கிறவர் வேறு, அவர் பாட்டுக்கு வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார், உங்கள் கண்ணில் படவே மாட்டார். இவர் ஒத்துழைப்பைப் பற்றிப் பேசுகிறவர், அதற்குக் குழு அமைக்கிறவர், அந்தக் குழுவுக்குத் தலைமை தாங்குகிறவர், தலைமை கிடைக்காவிட்டால் அந்தக் குழுவை உடைத்து இன்னொரு குழு அமைக்கிறவர். எப்போதோ முடிந்துபோன மாநாட்டின் பெயரட்டையை மேசை விளக்கில் மாட்டி வைத்திருப்பார். "நாம்" என்ற சொல்லை அவர் அளவுக்கு யாரும் செலவழித்திருக்க மாட்டார்கள். நாமா? எந்த நாம்?

இந்த உட்பிரிவின் கலப்பில்லாத மாதிரி ஒருவர் ஒரு பல்கலைக்கழகத்தின் கணிதத் துறையில் இருந்தார். மாணவர்கள் அவரை அகில உலகம் என்பார்கள். கணிதர்கள் நாடுவிட்டு நாடு எப்படிக் கைகோத்து வேலை செய்தார்கள் என்பதன் வரலாற்றை மூன்று பாகமாக எழுத ஆரம்பித்து, இரண்டை வெளியிட்டுவிட்டு, மூன்றாவதன் கடைசி அத்தியாயத்தில் ஆறு வருடமாக உட்கார்ந்திருந்தார். சொற்பொழிவு என்று யாராவது கூப்பிட்டால் போதும், வாயெல்லாம் பல்லாகக் கிளம்பிவிடுவார்.

"எண்ணுக்கு ஏதுங்க பாஸ்போர்ட்?" என்று ஆரம்பிப்பார். கைத்தட்டலுக்கு இரண்டு விநாடி விடுவார். பிறகு குரல் தழுதழுக்கும். முதல் உலகப் போர் முடிந்ததும், தோற்ற நாட்டுக் கணிதர்களை அடுத்தடுத்து இரண்டு உலக மாநாடுகளுக்குக் கூப்பிடாமலே விட்டார்களே, அந்தக் கதைக்கு வருவார். "எவ்வளவு சின்னப்புத்தி! படிச்சவங்க செய்யற காரியமா இது? மூஞ்சியத் திருப்பிக்கிட்டா கணக்கு வளருமா?" முன்வரிசையில் கைக்குட்டைகள் வெளியே வரும்.

அந்த முன்வரிசைக்குத் தெரியாத ஒரு விவரம் உண்டு. அடுத்த அறைப் பேராசிரியையோடு அகில உலகம் பேசிப் பதினான்கு வருடம் ஆகியிருந்தது.

நடந்தது இதுதான். ஒரு நாள் அவர் கருத்தரங்க அறைப் பலகை முழுக்க ஒரு நிரூபணம் எழுதி, மூலையில் கட்டம் போட்டு 'அழிக்க வேண்டாம்' என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போனார். மறுநாள் காலை, துறையில் சேர்ந்து ஒரு வாரமே ஆன அந்தப் பேராசிரியை அதைப் படித்தார். மூன்றாவது வரியில் பெரிது என்று இருக்க வேண்டிய இடத்தில் சிறிது என்று இருந்தது. மூன்றாவது வரியிலிருந்து கீழே அத்தனையையும் துடைத்துவிட்டுச் சரியானதை எழுதினார். 'அழிக்க வேண்டாம்' கட்டத்தை மட்டும் அப்படியே விட்டுவைத்தார்.

அவ்வளவுதான். அன்றிலிருந்து அந்தப் பேராசிரியையின் பெயர் 'மூணாவது வரி'. நடைபாதையில் இரண்டு அறைக்கும் நடுவே இருந்த புத்தக அலமாரி யார் பக்கம் எத்தனை விரற்கடை நகர்ந்தது என்று அகில உலகம் அளவுநாடா வைத்துப் பார்ப்பார். பேச வேண்டியது வந்தால்? அதற்குத்தான் துறை அலுவலகத்தில் அக்கா இருந்தார். எல்லாருக்கும் அக்கா. ஓய்வுபெற மூன்று மாதமே இருந்தது.

"அக்கா, தேர்வுத்தாள் கட்டு எங்கேன்னு அந்தம்மாகிட்ட கேளுங்க. எதையும் ஒழுங்கா வச்சுக்கத் தெரியாதான்னும் கேளுங்க."

அக்கா பதினோரு அடி நடப்பார். "மேடம், கட்டு உங்ககிட்ட இருக்கான்னு சார் கேக்கறார்."

"இருக்கு. கேக்கறதுக்கு முன்னாடி தன் மேசையப் பாக்கச் சொல்லுங்க. அங்கதான் இன்னொண்ணு கிடக்கு."

அக்கா திரும்பி வருவார். "இருக்காம் சார். இன்னொண்ணு உங்ககிட்ட பத்திரமா இருக்குன்னு சொன்னாங்க."

வரலாற்றில் எத்தனையோ சமாதான உடன்படிக்கைகள் இப்படித்தான் நின்றிருக்கும் போலும்.

இந்த நிலையில் கடல் கடந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் எழுபத்தெட்டு வயது அம்மையார், பெயரைக் கேட்டதும் கணித உலகமே எழுந்து நிற்கும் ஆள். அகில உலகம், தான் அன்று பலகையில் எழுதியதன் மேற்பாதியைத் தனியாக ஒரு கட்டுரையாக வெளியிட்டிருந்தார். மூணாவது வரி கீழ்ப்பாதியைத் தனியாக வெளியிட்டிருந்தார். வெளிநாட்டில் யாருக்கு இந்தச் சண்டை தெரியும்? இரண்டையும் சேர்த்து, இருவர் பெயரையும் நடுவில் ஒரு கோடு போட்டு ஒட்டி, ஒரே தேற்றமாக்கிப் பத்து வருடமாகப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்கள். அதன் அடுத்த படியில் தான் பாதி வழியில் நிற்பதாகவும், அடுத்த வருடம் மருத்துவர் பயணம் செய்ய விடமாட்டார் என்பதால் இப்போதே வந்து அவர்கள் இருவரோடும் உட்கார்ந்து முடித்துவிட வேண்டும் என்றும், இவ்வளவு நெருக்கமாக வேலை செய்கிறவர்களைச் சந்திப்பதே பெரும் பேறு என்றும் அம்மையார் எழுதியிருந்தார்.

அகில உலகம் கடிதத்தை மூன்று தரம் படித்தார். "என்ன அக்கா இது, பேருக்கு நடுவுல ஒரு கோடு?"

"சேத்து வைக்கிற கோடு சார்."

"எடுத்துடச் சொல்லி எழுதுங்க."

"அங்க புத்தகத்துலயே அச்சாயிடுச்சாம் சார். இனிமே எங்க எடுக்கறது?"

அவர் கடிதத்தை நாலாக மடித்தார், மறுபடி பிரித்தார். கடைசி அத்தியாயத்துக்கு உயிருள்ள ஓர் உதாரணம் வேண்டியிருந்தது என்பது உண்மை. ஆனால் அதைவிட ஆழமான இன்னொன்றும் இருந்தது, அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அந்த மூன்றாவது வரிக்குப் பிறகு அவர் ஒரு கணக்கும் போடவில்லை. ஒத்துழைப்பின் வரலாற்றுக்குப் போனதே கணக்கிலிருந்து தப்பிக்கத்தான். வரலாற்றில் யாரும் வந்து துடைக்க மாட்டார்கள் அல்லவா?

"வரச் சொல்லுங்க," என்றார்.

அம்மையார் கைத்தடியோடு வந்தார், உட்கார்ந்தார், தன் பாதியைப் பலகையில் எழுதிக் காட்டினார், சுண்ணக்கட்டியை நீட்டினார். அகில உலகமும் மூணாவது வரியும் எழுந்தார்கள். இருவருக்கும் நடுவில் ஒரு நாற்காலி போட்டு அக்கா உட்கார்ந்தார், மடியில் வருகைப் பதிவேட்டோடு.

"அக்கா, அந்த எல்லை அங்க முடிவிலிக்குப் போகாதுன்னு சொல்லுங்க. அரிச்சுவடியே தெரியலன்னு சொல்லுங்க."

"மேடம், அங்க போகாதுன்னு சார் நினைக்கறார்."

"போகும். இன்னும் பதினாலு வருஷம் நின்னாலும் அவருக்குத் தெரியாது."

"சார், போகும்னு மேடம் சொல்றாங்க. கொஞ்சம் பொறுமையா பாருங்களாம்."

எட்டிப் பிடிக்கிற தூரத்தில் நிற்கிறார்கள், ஒருவர் சொன்னது மற்றவர் காதில் முழுசாக விழுகிறது. ஆனாலும் காதில் விழுந்ததற்கு யாரும் பதில் சொல்லவில்லை. அக்கா சொன்னதற்குத்தான் பதில். நெறிமுறை என்று ஒன்று இருக்கிறதே!

ஒரு மணி நேரம் போனது. முதலில் வசை குறைந்தது. பிறகு வாக்கியம் குறைந்தது. அகில உலகம் மேலங்கியைக் கழற்றினார். கைமுட்டி வரை வெள்ளைத் தூள். மூணாவது வரி ஒரு சமன்பாட்டின் நடுவில் கையை நிறுத்தினார், யோசித்தார், இரண்டு உறுப்புகளை இடம் மாற்றி எழுதினார். அகில உலகத்துக்குப் பலகை முழுக்க ஒரே பார்வையில் திறந்துகொண்டது.

"அதேதான்!" என்று கத்திவிட்டார். மூணாவது வரியைப் பார்த்து. நேராக.

மூணாவது வரி திரும்பினார். அவர் கண்ணில் கோபம் இல்லை. இத்தனை வருடத்தில் அகில உலகம் அந்த முகத்தைச் சரியாகப் பார்த்ததே அப்போதுதான், அது வயதான முகமாகிவிட்டிருந்தது. அந்த உதடுகள் ஏதோ சொல்லப்போவதுபோல அசைந்தன.

அகில உலகம் தொண்டையைச் செருமிக்கொண்டு நாற்காலிப் பக்கம் திரும்பினார். "அதேதான்னு சொல்லுங்க அக்கா."

அக்கா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அதேதானாம் மேடம்," என்று சலிப்போடு சொன்னார்.

தேற்றம் அன்றே முடிந்தது. அம்மையார் ஊர் திரும்பிக் கட்டுரையை அனுப்பினார். ஆசிரியர் வரிசையில் நான்கு பெயர்கள், நான்காவது அக்காவுடையது. பாஷை தெரியாத அம்மையார் கண்ணால் கண்டதை வைத்து முடிவு செய்திருந்தார்: இவர் ஒன்று சொல்ல, நாற்காலிக்காரர் அதை யோசித்துச் சுருக்கிச் சொல்ல, அதன் பிறகுதான் அவர் எழுதினார். 'அந்த மூன்றாமவர் அதிகம் பேசவில்லை, ஆனால் எல்லாம் அவர் வழியாகத்தான் நடந்தது' என்று நன்றியுரையில் எழுதியிருந்தார். யோசித்துப் பாருங்கள், இதில் ஒரு சொல்லாவது பொய்யா?

அக்கா அந்த மாதக் கடைசியில் ஓய்வுபெற்றார். பிரிவு உபசாரத்தில் அகில உலகம் நாற்பது நிமிடம் பேசினார். அக்கா ஒரே வரிதான் பேசினார்: "இனிமேலாவது நீங்க ரெண்டு பேரும் பேசிக்கணும்." இருவரும் கைத்தட்டினார்கள். தனித்தனியாக.

அடுத்த வாரம் கட்டுரையின் அச்சுப்படி பிழை திருத்தத்துக்கு வந்தது. ஏழாம் பக்கத்தில் கூட்டலா கழித்தலா என்று ஒரு சந்தேகம். மூன்று நாளில் சொல்லியாக வேண்டும்; அது மூணாவது வரி எழுதிய பகுதி. அகில உலகம் நடைபாதைக்கு வந்தார். கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. உள்ளே நாற்காலி கிரீச்சிடுவதுகூடக் கேட்டது. தட்டுவதற்குக் கை உயர்ந்தது. உயர்ந்த கை காற்றிலேயே கொஞ்சநேரம் நின்றது, பிறகு தலையைக் கோதிக்கொண்டு கீழே இறங்கியது.

அறைக்குத் திரும்பி அம்மையாருக்கு மின்னஞ்சல் எழுதினார்: 'ஏழாம் பக்கக் குறி பற்றித் தங்கள் மூலமாக விளக்கம் அறிய விரும்புகிறேன்.' அம்மையார், இது இந்த ஊர் மரியாதை போலும் என்று எண்ணி, அதை மூணாவது வரிக்கு அனுப்பினார். சுவருக்கு அப்பால் ஒரு மணி ஒலித்தது. விசைகள் தட்டப்படும் சத்தம் கேட்டது. அகில உலகம் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். இரண்டு கடல்களைத் தாண்டிப் போய் வந்து, பதில் அவர் திரையில் இறங்கியது: 'கழித்தல்.'

அவர் மனம் நெகிழ்ந்துவிட்டது. உடனே மூன்றாம் பாகத்தை எடுத்து, ஆறு வருடம் வராத கடைசி அத்தியாயத்தை ஒரே மூச்சில் எழுதி முடித்தார். 'உண்மையான ஒத்துழைப்புக்குத் தூரம் ஒரு பொருட்டே அல்ல' என்பது அதன் கடைசி வாக்கியம்.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். சிரித்து முடித்த பிறகு உங்கள் கைப்பேசியை எடுத்துப் பாருங்கள்: வெளிநாட்டில் இருக்கும் உங்கள் தங்கை மகளுக்கு நேற்று ஒரு செய்தி அனுப்பியிருப்பீர்களே, 'மாடிவீட்டுச் சித்தப்பாகிட்ட சொல்லு, தண்ணித்தொட்டி நிரம்பி வழியுதுன்னு'?