சின்னம்மாவுக்கு நான் விளக்கிய சிவப்பு மருந்து

புதிதாக ஒன்றைப் படித்தவருக்கு, அதை யாரிடமாவது கொட்டாமல் நித்திரை வராது. நான் பல்கலைக்கழகத்தில் படித்தது, புற்றுநோய் மருந்து பட்ட உடற்கலங்கள் (செல்கள்) என்ன செய்கின்றன என்பதை. கேட்க அகப்பட்டவர் ஊர்காவற்றுறையில் இருந்த என் சின்னம்மா. அவருக்கு மார்பில் புற்றுநோய். சிவப்பு மருந்து ஏற்றத் தொடங்கித் தலைமயிர் முழுவதும் கொட்டியிருந்தது.

"மருந்து நோயைத்தானே அடிக்கவேணும். மயிரை ஏன் பிள்ளை அடிக்குது?" என்று கேட்டார்.

(இரண்டு வரியில் முடித்திருக்கலாம். நான் பின்னேரம் முழுவதும் எடுத்தேன்.) மருந்து கலத்துக்குள் புகுந்து டி.என்.ஏ. இழையை அறுக்கும், இழை சுற்றியிருக்கும் புரதங்களையும் கழற்றிவிடும், கலம் பிரிவதை நிறுத்திவிட்டுத் திருத்தப் பார்க்கும்.

"திருத்த ஏலாதெண்டால் தற்கொலை செய்யும், சின்னம்மா. மயிர்க்கால் கலங்களும் புற்றுக் கலங்கள் மாதிரிக் கெதியாப் பிரியிறதுகள். அதாலை அதுகளும் அகப்படுது."

சின்னம்மாவுக்கு விளங்கியது. கடலிலிருந்து வந்து குசினி வாசலில் நின்ற சித்தப்பாவின் காதில் விழுந்தது ஒரே ஒரு சொல்.

அடுத்த நாள் போனேன். வீட்டில் ஒரு கத்திகூட இல்லை. மீன் முழுதாகவே சட்டிக்குள் கிடந்தது. கிணற்றை வலையால் மூடிக் கட்டியிருந்தார்கள். கக்கூசுக் கதவின் கொளுக்கியைக் காணவில்லை. சின்னம்மாவுக்குப் பக்கத்தில் பங்குத் தந்தை இருந்தார்.

தற்கொலை பாவம் என்று மனைவிக்கு எடுத்துச் சொல்லத்தான் சித்தப்பா அவரை அழைத்து வந்திருந்தார். சின்னம்மாவோ, டொக்டர் கைவிட்டுவிட்டார், சாகப்போகிறவர்களுக்குச் செய்யும் எண்ணெய் பூசுதலுக்குத்தான் தந்தை வந்திருக்கிறார் என்று நினைத்துவிட்டார். இருவரும் அழுதுகொண்டிருந்தார்கள். யாரை முதலில் தேற்றுவது என்று தந்தைக்குத் தெரியவில்லை.

"மருந்து ஏத்தினால் தற்கொலை செய்வினமெண்டு இவள்தான் சொன்னவள்," என்று சித்தப்பா என்னைக் காட்டினார்.

"கலம், சித்தப்பா. கலம்தான் செய்யும்."

"கலத்துக்கு என்ன கவலை?"

சின்னம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "அப்ப நான் சாகப்போறேல்லையோ?"

அதற்குப் பதில் என்னுடைய பாடத்தில் இருக்கவில்லை. "இப்ப இல்லை," என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "அது போதும். கத்தியைக் கொண்டாங்கோ, மீன் பழுதாகுது."

அடுத்த வருடம் வரை மருந்து வேலை செய்தது. பிறகு, எஞ்சிய கலங்கள் அறுந்த இழையைத் திருத்தப் பழகிக்கொண்டன. அதை நான் அவருக்கு விளக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. மாரி தொடங்க முன் அவரை அடக்கம் செய்தோம்.

இப்போதும் உறவுக்காரர் யாருக்காவது நோய், வருத்தம் என்று நான் பார்க்கப் போனால், சித்தப்பா முந்திக்கொண்டு சொல்வார்: "பிள்ளை விளக்கப் போறாள். கத்தியளை எடுத்து ஒளியுங்கோ."

எல்லோரும் சிரிப்பார்கள். அவர் மட்டும் கொஞ்சம் பிந்திச் சிரிப்பார்.