நெட் எந்த வழியாக வருகிறது?

"அப்பா, நெட் நம்ம வீட்டுக்குள்ள எந்த வழியா வருது?"

ஏழு வயது மகள் கேட்ட இந்தக் கேள்விக்கு "போய்ப் படி" என்று சொல்லியிருந்தால் தபால்காரருக்கு ஒரு வம்பும் வந்திருக்காது. ஆனால் அவர் தபால் நிலையத்தில் கடிதம் பிரிப்பவர். எது எந்த வழியாக வருகிறது என்று கேட்டுவிட்டால் அவருடைய வாய் ஓயாது.

"அலமாரி மேல ஒரு பெட்டி இருக்கு பார், அதான் ரவுட்டர். அதுவும் என்னை மாதிரிதான். வர்றதைப் பிரிச்சு, இது அம்மா போனுக்கு, இது உன் டேப்லெட்டுக்குன்னு அனுப்பும்."

"அதுக்கு எப்படித் தெரியும்?"

"ஒவ்வொண்ணுக்கும் ஒரு கதவு நம்பர் உண்டு. ஐ.பி. முகவரின்னு பேர். உன் பொம்மைப் படம் முழுசா வராது, துண்டு துண்டா பொட்டலம் கட்டித்தான் வரும். பாக்கெட்னு சொல்வாங்க. இங்க வந்ததும் எல்லாம் வரிசையா சேர்ந்துக்கும்."

"ஒரு பொட்டலம் தொலைஞ்சு போச்சுன்னா?"

"மறுபடி அனுப்பச் சொல்லி வாங்கிக்கும். எங்க ஆபீஸை விட ஒழுங்கு."

"அந்தச் சிவப்பு விளக்கு?"

அது மட்டும் அவருக்குத் தெரியாது. "தபால் பெட்டி நிறம்டி. நல்லதுக்குத்தான் எரியும்" என்றார்.

கதவு நம்பரைப் பார்த்தே தீர வேண்டும் என்று மகள் அடம்பிடித்தாள். தபால்காரர் போனில் ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து, பெட்டிக்கு அடியில் ஒட்டியிருந்த கடவுச்சொல்லைப் போட்டார். பட்டியல் விரிந்தது. அவர் போன், மனைவி போன், டேப்லெட். அதற்குக் கீழே முன்பின் தெரியாத ஒரு போனும் ஒரு லேப்டாப்பும்.

"அடப்பாவி! எவனோ நம்ம நெட்டை உறிஞ்சுறான்!"

"ஏங்க, யாரோ பாவம், இருந்துட்டுப் போகட்டுமே" என்றாள் மனைவி. போன வருடம் ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்ததிலிருந்து அவளுக்கு எல்லோர் மேலும் இரக்கம்.

"என் சர்வீஸ்ல ஒரு கடுதாசிகூட வீடு மாறிப் போனதில்ல. என் வீட்டு நெட் போகலாமா?"

இரண்டையும் தடை செய்துவிட்டு மீசையைத் தடவிக்கொண்டார்.

சற்று நேரத்தில் கதவு தடதடவென்று தட்டப்பட்டது. மாடி வீட்டுப் பெண், கையில் லேப்டாப்போடு மூச்சு வாங்க நின்றாள். வேலை போய் ஆறு மாதமாக அலைகிறவள்.

"அண்ணே, பதினோரு மணிக்கு எனக்கு இன்டர்வியூ. எங்க நெட் என்னை உள்ளேயே விடமாட்டேங்குது. போன்ல டேட்டாவும் இல்ல. இதை விட்டா வேற வேலை கைவசம் இல்லண்ணே."

"அட, இதுக்கா கண் கலங்குறே? அண்ணன் நெட் எதுக்கு இருக்கு? உட்காரும்மா!"

லேப்டாப் அந்த நெட்டிலும் நுழையவில்லை. தபால்காரர் பெட்டியின் கொம்புகளைத் திருப்பினார். அலமாரியை நகர்த்தினார். கண்ணாடி டம்ளர் ஒன்று விழுந்து உடைந்ததுதான் மிச்சம்.

"மணி ஆகுதுண்ணே."

"ஒரு தடவை அணைச்சுப் போட்டா எல்லாம் சரியாயிடும்." சுவிட்சை அணைத்தார். சிவப்பு விளக்கு அணைந்தது.

மூலையிலிருந்து மகளின் சிரிப்புச் சத்தம் கேட்டது. டேப்லெட்டில் முயல் ஒன்று புதிது புதிதாகக் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டிருந்தது.

"அப்பா, பெட்டி தூங்கிடுச்சு. படம் எந்த வழியா வருது?"

தபால்காரர் பெட்டியின் ஒயரைப் பிடித்துக்கொண்டே ஜன்னல் வரை போனார். வெளியே, போன வருடம் தெருவைத் தோண்டிய இடத்துக்கு மேலே, அது அறுந்து தொங்கியது. நுனியில் சிலந்தி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது.

யாரும் பார்க்காதபடி திரும்பி நின்று, போனில் அந்த இரண்டு தடைகளையும் நீக்கினார்.

"வந்துடுச்சுண்ணே!" என்று கத்தினாள் மாடி வீட்டுப் பெண்.

இத்தனை நாளும் தன் வீட்டுக்கு வந்தது மாடிப் பெட்டியின் நெட். யாருடைய வீட்டில் உட்கார்ந்துகொண்டு யாரை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினோம் என்று அவருக்குப் புரிந்தது. 'ஆண்டவனே, முகவரி தெரியாமல் முத்திரை குத்திவிட்டேன்' என்று மனதுக்குள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஒன்றுதான் விளங்கவில்லை. அவள் பெட்டியில் தன் வீட்டு வைஃபை பெயர் எப்படி வந்தது?

அந்த வேலை அவளுக்கே கிடைத்தது. "உங்க ராசிண்ணே" என்று இனிப்பு கொண்டுவந்து கொடுத்தாள். தபால்காரரால் அதை விழுங்க முடியவில்லை.

மறுநாள் வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, இரண்டு வீட்டுக்கும் ஒரே கடவுச்சொல்லோடு பெட்டி மாட்டிய இணைப்புக்காரரை வரவழைத்தார். புது ஒயர் வந்தது. சிவப்பு விளக்கு பச்சையானது.

"தம்பி, ஒரே பெட்டிக்கு ரெண்டு வைஃபை பேர் வைக்க முடியுமா?"

"வைக்கலாம் சார். எதுக்கு?"

தபால்காரர் குரலைத் தாழ்த்தினார். "மாடி வீட்டு வைஃபை பேரும் பாஸ்வேர்டும் உனக்குத் தெரியுமே, அதையும் நம்ம பெட்டியில போட்டுடு. அவங்க நெட் என்னைக்காவது நின்னா, அவங்க லேப்டாப் தானா நம்மதைப் பிடிச்சுக்கட்டும். ஆனா அவங்களுக்குத் தெரியவே கூடாது. தெரிஞ்சா சங்கடப்படுவாங்க."

இணைப்புக்காரர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"போன வருஷம் உங்க வீட்டம்மா ஆஸ்பத்திரியில இருந்தப்போ, தன் பெட்டியில உங்க வைஃபை பேரைப் போடச் சொல்லி, இதே வார்த்தையைத்தான் சார் மாடி வீட்டம்மாவும் சொன்னாங்க."